மூலையில் ஓர் ஆள், மீதியெல்லாம் மஞ்சள்

உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட சித்திரங்களில், விளக்கமே தேவைப்படாத முதல் சித்திரம் கொல்லிமலையில், செம்மேட்டுச் சர்க்கார் பங்களாவின் கிழக்குத் தாழ்வாரத்தில் உருவானது. எழுதியவனே சொன்னதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

எழுதியவன் பெயர் அர்த்தனாரி. திருச்செங்கோட்டுக்காரன். சென்னைப் பட்டணத்தில் சித்திரம் படித்துவிட்டு, சுகாதார இலாகாவில் விளம்பரப் படம் எழுதும் வேலைக்குச் சேர்ந்திருந்தான். யுத்தம் வரப்போகிறது என்று பத்திரிகைகள் ஆசையாக எழுதிக்கொண்டிருந்த வருஷம் அது. மலையில் யுத்தத்துக்குக் காத்திராமல் மலைக்காய்ச்சலே ஆட்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு கொயினா மாத்திரை வாங்கிச் சாப்பிடும்படி ஒரு படம் வேண்டும் என்று இலாகா அவனை மேலே அனுப்பியது. அனுப்பியது என்றால் அடிவாரம் வரை. அதற்குமேல் அவனுடைய கால்கள் அனுப்பின.

அவனுக்கு முன்னால் அருணாசலம் என்ற இலாகாப் பிரசங்கியார் வந்து, விளக்கு வைத்துத் துணியில் படம் காட்டி, ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் நின்று தொண்டை கட்டும்வரை பேசிவிட்டுப் போயிருந்தார். அவரைப் பற்றி அர்த்தனாரிக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு.

"படத்துக்குப் பக்கத்துல நின்னு பேசறவன் சித்திரக்காரன் இல்லை, ராசப்பா. ஏலக்காரன். பலாப்பழம் பழுத்திருந்தா அது பழுத்திருக்குன்னு எவனாவது சொல்லணுமா? வாசனையே சொல்லிடும். படமும் அப்படித்தான்."

ராசப்பன் பங்களாக் காவல்காரன். "ஆமாங்க" என்பான். பிறகு, கரடி நடமாட்டம் என்று காரணம் சொல்லி, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவான். மீதிச் சித்திரக் கொள்கையை அர்த்தனாரி மூடுபனிக்குச் சொல்லுவான். மூடுபனி ஆமாங்க என்றுகூடச் சொல்லாது. ஜன்னல் வழியாக உள்ளே வந்து படுக்கையை நனைத்துவிட்டுப் போகும். பேச ஆள் இல்லாத இடத்தில் ஒரு மனிதனுக்குத் தன் குரல் எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடுகிறது. அதற்குப் பயந்து அவன் இரவில் இருமலைக்கூட அடக்கிக்கொண்டான்.

படத்துக்கு உட்கார்ந்தவர் சின்னுசாமி. மலையின் பிரிவுகளில் ஒன்றான குண்டனி நாட்டில் சாமையும் மிளகும் விளைவிக்கிற குடியானவர். மனைவி இறந்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. பாறைபோலத் திடமான உடம்பு. காய்ச்சல் என்பதை அடுத்தவர் உடம்பில் மட்டுமே கண்டவர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கச் சொன்னதும், பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்ள அவர் நடுங்கிய நடுக்கத்தில் ராசப்பன் சுக்குத்தண்ணி வைக்க ஓடினான்.

"இந்த மாதிரி என்னைய இத்தன நேரம் ஆரும் பாத்ததில்லீங்க" என்றார் சின்னுசாமி, நடுக்கத்துக்கு நடுவில். அர்த்தனாரிக்கும் இத்தனை நேரம் யாரும் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. முதல் நாளே எழுதி முடித்திருக்கலாம். மூக்கு சரியாக வரவில்லை என்று சொல்லி அவரை மேலும் சில நாட்கள் வரவழைத்தான்.

படம் இப்படி அமைந்தது. கீழே இடது மூலையில், கம்பளிக்குள் சுருண்டு ஓர் ஆள். உள்ளங்கையில் ஒரு வெள்ளை மாத்திரை. மீதித் தாள் முழுக்க மஞ்சள், வெறும் மஞ்சள். வீடு இல்லை, மரம் இல்லை, மனிதர் இல்லை. காய்ச்சல்காரனின் உலகத்தில் காய்ச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது அந்த மஞ்சளின் உட்கருத்து. அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பது அர்த்தனாரியின் கருத்து. சென்னையில் அச்சாகி, கூலியாள் தலையில் சுருள் சுருளாகத் திரும்பி வந்தது. சந்தை கூடும் மைதானத்தைப் பார்த்த பங்களாச் சுவரில் ஒட்டினார்கள். அடுத்த படத்துக்கான உத்தரவு வரும்வரை மலையிலேயே இருக்கும்படி அர்த்தனாரிக்குச் சேதி வந்தது. உத்தரவு மட்டும் வரவில்லை.

அவன் ஜன்னலில் இருந்து பார்த்தான். சந்தைக்கு வந்தவர்கள் படத்தின் முன்னால் நின்றார்கள். ஒருவரும் பக்கத்து ஆளிடம் 'இது என்ன' என்று கேட்கவில்லை. பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், போனார்கள். அன்று இரவு அவன் மூடுபனியைப் பார்த்துக் கொஞ்சம் மரியாதையாகவே சிரித்தான்.

பிறகு ஒரு மத்தியானம் சின்னுசாமி வந்தார். தாழ்வாரத்துக்கு ஏறாமல் கீழேயே நின்றார்.

"மேல வாங்க. ஏன் அங்கயே நிக்கறீங்க?"

"பழக்கமாயிப் போச்சுங்க. இப்பல்லாம் எங்கயும் எட்டத்தான் நிக்கறேன். ஏனுங்க, எனக்குக் காச்சல்னு சர்க்காருக்கு ஆரு சொன்னது?"

"உங்களுக்கு எங்க காய்ச்சல்?"

"அதத்தானுங்க நானும் கேக்கறேன்."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. அந்தச் சுவரில் அதற்குமுன் ஒட்டப்பட்ட ஒரே முகம், அடிவாரத்தில் கொள்ளையடித்துவிட்டு மலைக்குள் ஒளிந்தவனுடையது. போலீஸ்காரர்கள் ஒட்டியது. அதிலிருந்து மலை முழுக்க ஒரு பாடம் கற்றிருந்தது: சர்க்கார் ஒருவன் முகத்தைச் சுவரில் ஒட்டினால், அந்த ஆளைப் பற்றி ஊருக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. இப்போது சின்னுசாமியின் முகம். கம்பளி, நடுக்கம், மாத்திரை. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

"சரி, காய்ச்சல்னே நினைச்சுக்கட்டும். அதுக்கு எதுக்கு எட்ட நிக்கணும்? உங்க ஊர்ல காய்ச்சல்காரங்களை ஒதுக்கி வைக்கிற வழக்கமா?"

"இல்லவே இல்லீங்க! எங்கூர்ல காச்சக்காரனத் தனியா உடவே மாட்டோம். ஆராச்சும் ஒரு ஆளு பக்கத்துல குந்தியே இருக்கும். இது சாதாக் காச்சல் இல்லையாமா. அதான் சர்க்காரே சுத்தி அத்தன எடம் உட்டிருக்குதாமா. அவன் பக்கத்துல ஒரு ஈ காக்கா இருக்குதா பாரு, அத்தன தூரம் தள்ளி நிக்கோணும்னு சர்க்கார் அளந்து காட்டியிருக்குதுன்னு எங்கூரு காளியண்ணன் சொல்லிட்டானுங்க."

அர்த்தனாரியின் மஞ்சளை, அந்த உட்கருத்தை, ஊர் ஓர் அங்குலம் பிசகாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தது.

குண்டனி நாட்டில் ஒருவர் காட்டு வேலையை எல்லோரும் சேர்ந்து செய்து, பிறகு அடுத்தவர் காட்டுக்குப் போவார்கள். சின்னுசாமியின் சாமைக்காட்டுக்கு அந்த முறை யாரும் வரவில்லை. அதையும் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். காளியண்ணனின் தங்கை கண்ணாயி, புருஷன் இல்லாதவள்; அவளை இவருக்குக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்து, பரிசம் போட நாள் பார்த்திருந்தார்கள். காளியண்ணன் அதை நிறுத்திவிட்டான்.

"கண்ணாயி என்ன சொல்றாங்க?"

"கெணத்துக்கிட்டப் பாத்தேனுங்க. எட்ட நின்னு அழுவறா. நானும் எட்ட நின்னே பாத்துட்டு வந்தேன்."

"படத்தைக் கிழிச்சிடறேன். இலாகா என்ன பண்ணும், பாத்துக்கலாம்."

சின்னுசாமி பதறிப்போனார். "ஐயோ, கிழிச்சுப் போட்றாதீங்க சாமி! அந்தக் கள்ளன் படத்த எப்பக் கிழிச்சாங்க தெரியுங்களா? அவனத் தூக்குல போட்டதுக்கப்புறம். கிழிச்சா நான் செத்ததாக் கணக்கு."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"சந்தையன்னிக்கு வந்து படத்துக்குப் பக்கத்துல நின்னு சொல்லுங்க. இது சின்னுசாமி இல்ல, இன்னதுக்காவ இப்படி எழுதுனேன்னு. எழுதுனது நீங்கதானுங்களே?"

ராசப்பன் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது.

"யோசிக்கறேன்" என்றான் அர்த்தனாரி.

சின்னுசாமி ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போனார். எதிரே விறகுக் கட்டோடு வந்த இரண்டு பேர் பாதையை விட்டுச் சரிவில் இறங்கி, அவர் கடக்கும்வரை நின்று, மறுபடி ஏறினார்கள். நடுவில் விழுந்த இடைவெளி படத்தில் இருந்த அளவுக்கே இருந்தது. அர்த்தனாரி அதைப் பார்க்காமல் இருக்க முயன்றான். சித்திரக்காரன் கண்ணுக்கு அளவு தப்பாது.

சந்தையன்று அவன் சுவரோரம் போய் நின்றான். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தான். சின்னுசாமி எட்ட ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். உப்பு, கருவாடு, வாழைத்தார் என்று மைதானம் நிறைந்திருந்தது, அந்தக் கல்லைச் சுற்றி மட்டும் தரை தெரிந்தது. காளியண்ணன் மிளகு மூட்டையோடு வந்தான். நல்ல உயரம், அதைவிட உயரமான குரல்.

"ஏனுங்க காளியண்ணன், ஒரு நிமிஷம்" என்றான் அர்த்தனாரி. "இந்தப் படம் சின்னுசாமியைப் பத்தினது இல்லை. பொதுவா, காய்ச்சல் வந்தவங்க எல்லாரையும் பத்தினது."

"எல்லாரப் பத்துனதுன்னா எல்லார் மூஞ்சியும் இருக்கோணுமல்லோ? அவன் மூஞ்சிதான இருக்குது?"

"மாதிரிக்கு அவரை உட்கார வெச்சேன்."

"சர்க்கார் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நீங்க ஆருங்க?"

"நான்தான் இதை எழுதினவன்."

"எழுதுனவரு, சரி. போலீசு ஒட்டுனதக்கூட எவனோ எழுதித்தான் குடுத்திருப்பான். அதுக்காவ அந்தக் கள்ளன் நல்லவனாயிட்டானா?"

கூட்டம் சிரித்தது. அர்த்தனாரிக்குக் காது சிவந்தது. அவன் கையில் பென்சிலும் தாளும் இருந்தன. இல்லாமல் அவனுக்கு நிற்கத் தெரியாது.

"கொஞ்சம் அப்படியே நில்லுங்க."

காளியண்ணன் நின்றான். பென்சில் ஓடியது. மீசை, தாடை, நெற்றித் தழும்பு. பார்த்தவர்கள் "அட, அவனேதான்!" என்றார்கள். காளியண்ணன் மீசையைத் தடவிக்கொண்டான். பிறகு பென்சில் தோள்மேல் ஒரு கம்பளியைப் போர்த்தியது. கன்னத்தைக் குழித்தது. கையில் ஒரு மாத்திரையை வைத்தது. அர்த்தனாரி தாளைத் தூக்கி, சுவரில் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தான்.

காளியண்ணனின் இரண்டு பக்கமும் நின்றவர்கள், தாங்களே அறியாமல், ஓர் அடி நகர்ந்துகொண்டார்கள்.

"டேய், டேய்! எங்கடா போறீங்க? எனக்கு எங்கடா காச்சல்?"

அவன் வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான். இரண்டு பக்கமும் வெறும் தரை. பிறகு கல்லின்மேல் உட்கார்ந்திருந்த சின்னுசாமியைப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான்.

"அந்தத் தாளக் குடுங்க."

கொடுத்தான். காளியண்ணன் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய், கல்லின்மேல் சின்னுசாமியை இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"தள்ளிக் குந்துங்க மாப்ள. கல்லு பூரா உங்களுக்கேவா பட்டா போட்டுக் குடுத்திருக்குது?"

சின்னுசாமி தள்ளி உட்கார்ந்தார். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே அவர் உடம்பு நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் இருவரும் எழுந்து போனார்கள். போகிற போக்கில் காளியண்ணன் திரும்பினான்.

"படக்காரரே, எங்கூருக்கு நான் சொல்லிக்கறேன். மத்த நாட்டுக்காரங்களுக்கு நீங்கதான் சொல்லோணும். வாசலூர்பட்டிக்காரன் எவனாச்சும் இவரப் பாத்து எட்டப் போனா, நான் உங்களத்தான் தேடி வருவேன்."

சின்னுசாமியும் திரும்பிப் பார்த்தார். ஒரு தரம் கும்பிட்டார். அவர்கள் பேசிக்கொண்டே இறங்கிப் போவது வெகுதூரம் கேட்டது. பரிசத்துக்கு அர்த்தனாரியைக் கூப்பிட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை. இருந்தாலும் அவன் அந்தச் சத்தம் ஓயும்வரை காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

பனி இறங்கிச் சந்தை கலைய ஆரம்பித்தது. ராசப்பன் கரடியை உத்தேசித்துப் புறப்பட்டுவிட்டான். அர்த்தனாரியும் பங்களாவுக்குள் போயிருக்கலாம். உள்ளே விளக்கு ஏற்றக்கூட ஆள் இல்லை.

தலையில் உப்பு மூட்டையோடு ஒரு பெண் சுவரோரமாக வந்தாள். வாசலூர்பட்டிப் பக்கம் போகிறவள்போல இருந்தது. படத்தைப் பார்த்ததும், பார்த்துப் பழகியவள்போல் ஒதுங்கி நடந்தாள்.

"அம்மா" என்றான் அர்த்தனாரி. "இப்படிக் கிட்ட வாங்க. ஒண்ணும் ஆகாது."

அவள் நின்றாள். "இது ஆருங்க சாமி?"

"ஆரும் இல்லீங்க. மாத்திரை முழுங்கினா காய்ச்சல் போயிடும், அதுதான் சேதி. இந்த மஞ்சள் இருக்குதுங்களே, இது வந்து…"

அவள் மூட்டையை இறக்கிவைத்தாள். அவன் மஞ்சளுக்கு முன்னால் நகர்ந்து நின்றுகொண்டு, அவசரமில்லாமல், முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.