தண்ணி வந்த தெரு

மொக்கையன் அந்த அட்டைப்பெட்டியைப் பாடையின் கால்மாட்டில் வைக்கக் குனிந்தபோதுதான் பாண்டிமீனா சுவரை விட்டு எழுந்தாள்.

“அது வேணாம்ணே. இங்க குடு.”

“மாப்ள ஆசையா வச்சிருந்த சாமான்மா. கூடவே போகட்டும்.”

“அது இன்னும் முடியல.”

சுற்றியிருந்த பெண்களின் அழுகை ஒரு நொடி தயங்கி மறுபடி எழுந்தது. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தோளில் போட்டிருந்த மொக்கையன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். பெட்டியை நீட்டினான். அவள் அதை உள்ளே கொண்டுபோய் அரிசிப்பானை மேல் வைத்துவிட்டு வந்தாள். வெளியே சங்கு ஊதினார்கள்.

பாண்டிமீனாவின் புருஷன் முத்திருளனுக்கு நாற்பத்துநாலு வயது. காளவாசலில் ஒரு அச்சகத்தில் தாள் வெட்டுகிற வேலை. முந்தின நாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தாள்கட்டு மேலேயே உட்கார்ந்தான். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடுமுன் உயிர் போய்விட்டது.

பெட்டிக்குள் இருந்தது அவன் ஆறு வருஷமாகச் செய்துவந்த விளையாட்டு. கல்யாணப் பத்திரிகை வெட்டியதில் மிஞ்சிய துண்டு அட்டைகளில் எழுதியிருந்தான். சில அட்டைகளின் பின்புறம் யாரோ ஒரு மணமகளின் பாதிப் பெயர் தங்க எழுத்தில் மின்னும். வைகைக்கரையில் ஒரு தெரு. ஒரு பகலில் வெள்ளம் வருகிறது. ஆடுகிறவர்கள் ஆளுக்கொருவராக அந்தத் தெருக்காரர்கள் ஆகிவிட வேண்டும். கதையை நடத்துகிறவர், “தண்ணி வாசப்படி ஏறிருச்சு, என்ன செய்றீங்க?” என்று கேட்பார். செய்வதைச் சொல்ல வேண்டும். பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். ஜெயித்தவர் என்று யாரும் கிடையாது.

ஆரம்பத்தில் அவனுக்காகத்தான் பாண்டிமீனா உட்கார்ந்தாள். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க யார் யாருடைய நரம்பையோ தேடிக்கொண்டிருப்பவள். ஞாயிறுதோறும் அச்சகத்து மாடியில் ஆடும் இந்த மேசையில் அவள் கோழி திருடியிருக்கிறாள், போலீஸ்காரரிடம் வாயாடியிருக்கிறாள், ஒருமுறை ஊமையாக இருந்து மூன்று மணி நேரம் கையாலேயே பேசியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கியது எந்த வருஷத்தில் என்று அவளுக்கே தெரியவில்லை.

கடைசி ஞாயிறன்று அவள் தேய்ப்புவண்டிக்காரி சின்னத்தாயாக இருந்தாள். முதல் அரைமணியிலேயே பகடை காலை வாரிவிட்டது. சின்னத்தாயை ஆறு கொண்டுபோனது. விதிப்படி, செத்தவர் ஆட்டம் முடியும்வரை பேசக் கூடாது. மற்றவர்கள் ஆட, அவள் இரண்டரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வண்டியில் திரும்பும்போது சொன்னாள். “செத்தவளுக்கு ஒரு வேலையும் இல்லைன்னா அது என்ன வெளாட்டு? அம்புட்டு நேரம் சுவத்தப் பாத்துட்டு இருந்தேன்.”

“சாவுன்னா ஒரு கனம் வேணும் மீனா. உடனே வேற ஆளா வந்து நின்னா எவன் பயப்படுவான்?”

“பயமுறுத்தவா ஆறு வருசமாச் செஞ்சீங்க?”

சமயநல்லூர் வீடு வரும்வரை அவன் ரோட்டையே பார்த்து வண்டி ஓட்டினான். அதற்குப் பிறகு காய்கறி, கேஸ் சிலிண்டர் என்று எவ்வளவோ பேசினார்கள். அந்தப் பேச்சு மட்டும் பாக்கி நின்றது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுக்கும்போது தவ்பீக் வந்து ஓரமாக நின்றான். செல்போன் கடை வைத்திருப்பவன், முதல் நாளிலிருந்து அந்த மேசையில் ஆடுகிறவன்.

“அக்கா, நர்சிங் காலேஜ் டீச்சர் ஒருத்தங்க நம்ம வெளாட்டப் பாக்க வாரேன்னாங்க, சரண்யாதேவின்னு. பிடிச்சிருந்தா பிள்ளைகள வச்சு ஆடுறோம்னு அண்ணன்ட்ட சொல்லியிருந்தாங்க. இந்த ஞாயித்துக்கிழமை. வேணாம்னு சொல்லிரவா?”

பாண்டிமீனா கையிலிருந்த இலையை மடித்தாள்.

“வரச் சொல்லு. நான் நடத்துறேன்.”

அச்சகத்து மாடியில் மூன்று நாற்காலி எதிரே போட்டாள். ஆட மூன்று பேர் வேண்டும். தவ்பீக், சரண்யாதேவி என்று இரண்டு பேர்தான் இருந்தார்கள். அவளை இறக்கிவிட வந்த மொக்கையன் படியருகே நின்றான்.

“நீயும் உக்காருண்ணே.”

“எனக்குத் தாயம்தான் தெரியும்.”

“ஒரு ஆளாகணும், அவ்வளவுதான்.”

அவன் வெகுநேரம் யோசித்துத் தையல்காரன் என்றான். பாண்டிமீனா கதையைத் தொடங்கினாள். மழை எப்போது தொடங்கியது என்பதையே மறந்து, அட்டையைப் பார்த்து இரண்டுமுறை படித்தாள். சரண்யாதேவி கேள்வி மேல் கேள்வி கேட்டார். பதில் சொல்லச் சொல்லத் தெரு உருவானது. ஒரு கட்டத்தில் மொக்கையன் குரலே மாறிவிட்டது. அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கி மாடியில் கொடுத்துவிட்டுத் தையல் மெஷினுக்காகத் திரும்பினான். பகடையை உருட்டினான். ஒன்று.

தையல்காரனை ஆறு கொண்டுபோனது. மொக்கையன் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவ்வளவுதானா?” என்றான்.

விதிப்படி அவனைப் பேசாமல் இருக்கச் சொல்ல வேண்டும். அவளால் சொல்ல முடியவில்லை. உடனே வேறு ஆளாக வா என்றும் சொல்ல முடியவில்லை. முத்திருளன் சொன்ன கனம் அந்த மேசை மேல் இருந்தது. அதைத் தாண்டி அவசரமாகப் போவது தப்பு என்று அவளுக்குப் பட்டது.

“அவரைப் பத்தி ஆளுக்கொரு வார்த்தை சொல்லுங்க,” என்றாள். “அப்புறம் போவோம்.”

“நான் போட்டிருக்க சட்டை அவர் தச்சதுதான்,” என்றான் தவ்பீக்.

“அளவெடுக்கும்போது பேசவே மாட்டாரு,” என்றார் சரண்யாதேவி. “பாட்டு மட்டும் முணுமுணுப்பாரு.”

பாண்டிமீனாவின் முறை வந்தது. வாய் திறந்தாள், மூடினாள். கீழே தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

அவள் அண்ணனைப் பார்த்தாள். “தெருவுல இன்னும் ஆளுக இருக்காங்கண்ணே. நீ யாரு?”

மொக்கையன் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

“எதுத்த வீட்டு மாடி. நேத்துத்தான் குடிவந்தேன். பேரு இன்னும் யோசிக்கல.”

“பேரு மெதுவா வச்சுக்கலாம். தண்ணி இடுப்பளவு இருக்கு. என்ன செய்றீங்க?”

மொக்கையன் எழுந்தான். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துப் போட்டான்.