துப்ப மறந்த வாய்

சின்னவள் சாப்பாட்டை விழுங்குவாள், மாத்திரையை விழுங்குவாள், சமயத்தில் கோபத்தைக்கூட விழுங்கிவிடுவாள். ஒயினை மட்டும் விழுங்க மாட்டாள். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் சங்கதி இது.

ஒயினை ருசித்துப் பார்த்து மதிப்பெண் போடுவது அவள் வேலை. ஒரே காலையில் வரிசையாகக் கோப்பைகள் வரும். எல்லாவற்றையும் விழுங்கினால் பாதி வேலையிலேயே தலை கிறுகிறுத்து, நல்லது எது கெட்டது எது என்று தெரியாமல் போய்விடும். அதனால் முகர்வாள், ஒரு வாய் எடுப்பாள், நாக்கில் உருட்டுவாள், பக்கத்தில் இருக்கும் வாளியில் துப்புவாள். வேலை பழக்கமாகி, பழக்கம் பிடிவாதமாகிவிட்டது. அக்கா மகளின் பிறந்தநாள் விருந்தில் ஆசையாய் நீட்டிய கோப்பையையும் ஒரு வாய் எடுத்து, நைசாக நழுவிப் போய்க் கை கழுவும் தொட்டியில் துப்பிவிட்டு வந்தாள். அத்தான் பார்த்துவிட்டார். அத்தான் கண்ணில் ஒன்று பட்டால் ஊர் முழுக்கப் பட்ட மாதிரி.

"நீதிபதி அம்மா, ஒருநாள் இல்ல ஒருநாள் நீ முழுங்கத்தான் போற. அன்னைக்கு நான் இந்த வாயை மூடிக்கிறேன்," என்றார் எல்லோர் முன்னாலும். அதைப் பார்ப்பதற்காகவாவது இவள் விழுங்கித் தொலைக்கக் கூடாதா என்று அக்கா பெருமூச்சு விட்டாள்.

அந்த அத்தானின் ஒயின் ஆலைக்குத்தான் சின்னவள் அன்று காலை வந்திருந்தாள். ஆலை என்று சொல்வது மரியாதைக்கு. வீட்டுக்குப் பின்னால் ஒரு நீளமான கல் கொட்டகை, அதற்குள் இரண்டு வரிசை மரப் பீப்பாய், எதிர்ச் சரிவில் திராட்சைத் தோட்டம், அவ்வளவுதான். அங்கே செய்வது பிரான்ஸின் போர்தோ ஊர்ப் பாணிச் சிவப்பு ஒயின் மட்டும். கேபர்னே, மெர்லோ என்று இரண்டு ரகத் திராட்சைகளைத் தனித்தனியே புளிக்க வைத்து, பிறகு அளவு பார்த்துக் கலப்பார்கள். கேபர்னே விறைப்பும் துவர்ப்பும் கொடுக்கும், மெர்லோ சதைப்பற்றைக் கொடுக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துக் குடித்தனம் நடத்த வேண்டும். நடத்தாவிட்டால் சண்டை குடிப்பவர் வாய்க்குள் நடக்கும்.

முந்தின வருட அறுவடைக்குச் சற்று முன்னால் அத்தான் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு படுத்துவிட்டார். அதனால் அந்த வருடத்து ஒயின் முழுக்க முழுக்க அக்கா செய்தது. சுற்றியிருந்த தோட்டங்களிலெல்லாம் பறித்து முடித்த பிறகும் பழம் கொடியிலேயே இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றாள். அத்தான் கட்டிலில் கிடந்தபடியே வீடு அதிரக் கத்தினார். பறித்த பிறகு, சாற்றைத் தோலோடு வழக்கத்தைவிட அதிகமாக ஊறவிட்டாள். அதற்கும் கத்தினார். ஒயின் பீப்பாய்க்குள் போனது. எப்போது எடுத்துப் பார்த்தாலும் கடுகடுவென்றே இருந்தது. நான் சொன்னேன் பார் என்று சொல்ல அத்தானுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

கண்ட இடத்து ஒயினையும் வாங்கி, ஒரே தொட்டியில் கொட்டிக் கலந்து விற்கிற பெரிய தொழிற்சாலை ஒன்று அதை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. டேங்கர் லாரி இன்று மதியத்துக்குள் வரும். அது வந்து பீப்பாய்களை உறிஞ்சிக்கொண்டு போனால், அக்கா தன் கையால் செய்த ஒரே ஒயின் யார் யாரோ செய்ததோடு சேர்ந்து இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அக்கா அழவில்லை, சண்டையும் போடவில்லை. தங்கை வந்து ருசி பார்க்கட்டும், அவள் தேறாது என்றால் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று மட்டும் சொன்னாள். அத்தானும் ஒத்துக்கொண்டார். சின்னவள் சொந்தம் பந்தம் பார்க்கிறவள் இல்லை. அவர் பெருமையாக நீட்டிய ஒயினுக்கே முன்பொரு தடவை 'குடிக்கலாம்' என்று ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்தவள்.

வந்ததும் வராததுமாகச் சின்னவள் சட்டம் போட்டாள். வாசனை சோப் கூடாது, அடுப்பில் எதையும் வதக்கக் கூடாது, முகத்துக்கு லோஷன் போட்டவர்கள் கொட்டகைக்குள் நிற்கவே கூடாது. கடைசிச் சட்டத்தில் மாட்டியவர் அத்தான் ஒருவர்தான். லாரி வருகிறதா பாருங்கள் என்று அவரை வாசலுக்குத் துரத்தினாள்.

ஜன்னலோரம் மேஜை, அதன்மேல் வெள்ளைத் துணி, காலடியில் வாளி. அக்கா பக்கத்து அறையில் ஊற்றி ஐந்து கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒயின் என்னவோ நான்குதான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருடத்துடையது. அதில் ஏதோ ஒரு வருடத்து ஒயின் மட்டும் இரண்டு கோப்பைகளில் வரும். எது என்பது அக்காவுக்குத்தான் தெரியும். தன் நாக்குக்குத் தானே வைத்துக்கொள்ளும் பொறி இது. ஒரே ஒயினுக்கு இரண்டு விதமாக மதிப்பெண் போட்டால் அன்றைய தாளையே கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்பது சின்னவள் தனக்கு விதித்துக்கொண்ட சட்டம். இதுவரை கிழிக்க வேண்டி வந்ததே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதல் கோப்பை அத்தானுடையது. அதுவும் அவரைப் போலவே: பேச்சு அதிகம், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. துப்பிவிட்டு எழுதினாள்.

இரண்டாவதை முகர்ந்ததுமே தெரிந்துவிட்டது, இது அக்காவுடையது. மணமே இல்லை. சுழற்றிப் பார்த்தாள், அப்போதும் இல்லை. வாயில் விட்டதும் துவர்ப்பு ஈறைப் பிடித்து இழுத்தது. நாக்கு சொரசொரத்துப் போயிற்று. நடுவில் பழம் இருக்க வேண்டிய இடம் வெறிச்சென்று கிடந்தது. துப்பினாள். அக்கா சுவரோரமாக நின்று, எப்போதோ காய்ந்துவிட்ட கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தாள். சின்னவள் அந்தப் பக்கம் பார்க்காமல், உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

மூன்றாவதும் நான்காவதும் அத்தானுடையவை. நான்காவது முதலாவதைப் போலவே இருந்ததால் அவைதான் இரட்டை என்று முடிவு கட்டினாள். மிச்சமிருந்த ஐந்தாவது இன்னொரு வருடத்து அத்தான். கடமைக்கு எடுத்தாள்.

கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும் முன்பே மணம் எழுந்து வந்தது. புதிதாகச் சீவிய பென்சில். அதன் பின்னால், மழை நின்ற மண். அதற்கும் பின்னால் கறுத்த பழம், கனிந்து கனிந்து, இனிமேல் கனிய இடமில்லாத பழம். சின்னவள் கோப்பையைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். ஒரு வாய் எடுத்தாள்.

துவர்ப்பு இருந்தது. ஆனால் அது எதையும் பிடித்து இழுக்கவில்லை, கீழே நின்று தாங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் பழம் அவசரமே இல்லாமல் படர்ந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் இன்னொரு சுவை கதவைத் திறந்துகொண்டு வந்தது, அதன் பின்னால் இன்னொன்று. எது கேபர்னே, எது மெர்லோ என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. பிரித்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பே. இத்தனை வருடமாக இந்த வேலையைச் செய்தும் ஒயின் என்றால் என்ன என்று தனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது என்று தோன்றியது. ஜன்னல் வெளிச்சத்தில் கோப்பை செக்கச் செவேலென்று நின்றது. இவ்வளவு பெரிய ஒன்று இத்தனை சின்னக் கண்ணாடிக்குள் எப்படி அடங்கியது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு வழக்கப்படி வாளியின் மேல் குனிந்தாள். துப்புவதற்கு வாயில் ஒன்றும் இல்லை.

குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். அக்கா பார்த்துவிட்டாள்.

வியப்பு கொஞ்சம் அடங்கியதும் சின்னவளுக்குச் சந்தேகம் வந்தது, அதன் பின்னாலேயே கோபம் சுர்ரென்று ஏறியது. இப்படி ஒரு ஒயின் இந்தக் கொட்டகையில் பிறக்க வழியே இல்லை. அத்தானின் கை அவளுக்குத் தெரியும். அக்கா தன் ஒயினைக் காப்பாற்றும் ஆசையில் எங்கிருந்தோ ஒரு பேர்போன பாட்டிலை வாங்கி ஊற்றியிருக்கிறாள்.

"அக்கா, இது உங்க வீட்டுது இல்ல," என்றாள். "யார் செஞ்சது? உண்மையைச் சொல்லு. இந்த வேலையெல்லாம் என்கிட்டயே காட்டுறியா?"

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. உள்ளே போய் இரண்டு கையிலும் இரண்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று, துணி சுற்றிய பாட்டில். இன்னொன்று, வீட்டில் தண்ணீர் வைக்கும் சாதாரணக் கண்ணாடி ஜக்.

"ரெண்டாவதும் அஞ்சாவதும் ஒண்ணுதான்டி," என்றாள். "ரெண்டுமே நான் செஞ்சது."

பிறகு தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். பீப்பாயிலிருந்து மாதிரி எடுத்துப் பாட்டில்களில் அடைத்து வைத்திருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் அத்தானுக்கு இருப்புக்கொள்ளாமல், ஒன்றைத் திறந்து முழுவதையும் ஜக்கில் ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஜக்கின்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். காலையில் இரண்டாவது கோப்பைக்கு அக்கா புது பாட்டில்தான் திறந்தாள். அதில் தக்கைத் தூள் விழுந்து, வடிகட்டியதில் பாதி வீணாய்ப் போனது. ஐந்தாவதுக்கு இன்னொன்று திறக்க மனசு வரவில்லை. ஒரே ஒயின்தானே என்று ஜக்கிலிருந்தே ஊற்றிவிட்டாள். மிச்சம் மீதியை ஒருநாளும் கொட்டாத கை, சோதனை என்றதும் மட்டும் மாறிவிடுமா?

"தப்பாடி?" என்று கேட்டாள். "புதுசு திறந்திருக்கணுமோ?"

தப்புதான். சோதனைச் சட்டப்படி மகா தப்பு. சின்னவள் ஓரமாகத் தள்ளி வைத்திருந்த இரண்டாவது கோப்பையை எடுத்து மறுபடி முகர்ந்தாள். ஊற்றி நேரமாகியிருந்தது. சற்று முன் ஒன்றுமே இல்லாத இடத்தில் இப்போது லேசாக, மிக லேசாக, பென்சில் மணம். தூக்கத்தில் புரண்டு படுக்கும் ஆளைப் போல ஏதோ ஒன்று உள்ளே அசைந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒயின் மோசமில்லை, இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. பழத்தைக் கொடியிலேயே விட்டு அக்கா காத்திருந்த காத்திருப்பும் நீட்டி ஊறவிட்ட ஊறலும் சேர்ந்து அதற்குள் அவ்வளவு வைத்திருக்கின்றன. அதை வெளியே கொண்டுவர ஒரு ராத்திரிக் காற்று வேண்டியிருந்தது. ஒரு ராத்திரிக்கே இப்படி என்றால், இன்னும் சில வருடம் பீப்பாயிலும் பாட்டிலிலும் கிடந்தால்? நினைக்கவே மலைப்பாக இருந்தது. தக்கையைப் பிடுங்கிய கையோடு ருசி பார்த்து, துப்பி, தான் ஒதுக்கித் தள்ளிய ஒயின்களில் எத்தனை இப்படித் தூங்கிக்கொண்டிருந்தனவோ என்று நினைத்துப் பயமாகவும் இருந்தது. மதிப்பெண் தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

வாசலில் ஹாரன் சத்தம். அத்தான் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். டிரைவர் அவசரப்படுகிறார், குழாய் தயார், எந்தப் பீப்பாயில் தொடங்கச் சொல்வது என்று அடுக்கிக்கொண்டே போனவர், கிழிந்த தாளைப் பார்த்து நின்றார்.

"என்னது, கிழிச்சே போட்டாச்சா? அவ்வளவு மோசமா?"

அக்காதான் சொன்னாள்.

"ஏங்க, அவ முழுங்கிட்டா."

"எதை?"

"என் ஒயினை. துப்பலை."

அத்தான் சின்னவளைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். ஜக்கில் இருந்ததைக் கொஞ்சம் ஊற்றி அவரிடம் நீட்டினாள். பெரிதாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், முதலில் ஒரு வாய் குடித்தார். அப்படியே நின்றார். ஹாரன் மறுபடி அடித்தது, அது அவர் காதில் ஏறவே இல்லை. பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்துச் சின்னவள் கண்டதில்லை. கொடுத்த வாக்கு ஞாபகம் வந்ததோ, நிஜமாகவே பேச்சு எழவில்லையோ, வாயை மூடிக்கொண்டார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

வாசலில் டிரைவரின் குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் லாரி பின்னால் எடுத்துத் திரும்பும் சத்தம். காலி டேங்கர் மேடு பள்ளத்தில் கடகடவென்று ஆடிக்கொண்டே தூரத்தில் தேய்ந்தது.

காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த அக்கா, பக்கத்திலிருந்த பெட்டியின்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சின்னவள் அவளை அழ விட்டாள். குனிந்து, காலடியில் இருந்த வாளியை எடுத்துக் கதவுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பையை நீட்டினாள்.

"ஜக்குல இன்னும் கொஞ்சம் இருக்காக்கா?"