வீட்டுக்கு ஒரு மூக்கு

போன வருஷம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. படுக்கையை விட்டு எழுந்தபோது எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் அவர். அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரே மூக்கு, அவருடையது. பால் கெட்டுவிட்டதா, காஸ் கசிகிறதா, எதற்கும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனுஷன். இப்போது அந்த மூக்குக்குப் பதவியும் கிடைத்துவிட்டது.

பதவி வந்த இரண்டாம் வாரம், "உன் மேல ஒரு வாடை அடிக்குது" என்றார். கூசிப்போனேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தேன். "இன்னும் போகலை" என்பார். பஸ்ஸில் யார் பக்கத்திலும் உட்காருவதை விட்டேன். நல்லது கெட்டதுக்குப் போவதை விட்டேன். என் தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிப் பத்து நாளும் கதவோரமாகவே நின்றேன். "கிட்ட வாக்கா" என்பாள். "இங்கயே நிக்கிறேன்டி, காத்து வருது" என்பேன். நோயாளிக்குக் குமட்டிவிடுமே என்று பயம். அவள் போய் நாலு மாசம் ஆகிறது.

பால்கனியில் நாற்று வளர்த்து நர்சரிக்குக் கொடுப்பது என் தொழில். தட்டுக்குத் தட்டு ஐஸ் குச்சியில் பேர் எழுதிச் செருகிவைப்பேன். போன வாரத்து மழையில் மை கரைந்து, எது செண்டுமல்லி, எது மஞ்சள் காஸ்மாஸ் என்று தெரியாமல் போனது. நாற்றாக இருக்கும்போது இரண்டும் கூடப்பிறந்த மாதிரி இருக்கும். முன்பெல்லாம் ஓர் இலையைக் கிள்ளினால் போதும். செண்டுமல்லி மூக்கைத் துளைக்கும், காஸ்மாஸ் சும்மா இருக்கும். தக்காளிப் பாத்தியில் பூச்சி அண்டாமல் இருக்க யாரோ செண்டுமல்லி கேட்டிருந்தார்கள். மாற்றிக் கொடுத்தால் என் பேர் கெட்டுவிடும்.

தட்டுக்கு ஓர் இலை கிள்ளிக்கொண்டு அவரிடம் போனேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் இரண்டையும் மோந்தார்.

"வலது கையில இருக்கிறதுதான் செண்டுமல்லி. சும்மா தூக்குது."

அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரம்மா ஓர் இலையைக் கசக்கி மோந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா, இது காஸ்மாஸ். இதுல வாடையே இல்லையே!"

வாடையே இல்லாதது அவருக்கு மட்டும் எப்படித் தூக்கியது? எனக்குப் பொறி தட்டியது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"மறைக்காம சொல்லும்மா. என் மேல வாடை அடிக்குதா?"

அவள் என் தோள்மேல் குனிந்து மோந்தாள். "சோப்பு வாடைதான்க்கா அடிக்குது. கட்டி கட்டியா தேய்ப்பீங்களோ?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த தட்டில் ஓர் இலையைக் கிள்ளி நன்றாகக் கசக்கி அவர் மூக்கடியில் நீட்டினேன்.

"இது?"

"காஸ்மாஸ்தான். வாடையே இல்லை."

"இதுதான் செண்டுமல்லி. உங்களுக்கும் அப்பவே போச்சு, இல்லையா?"

பேப்பரை மடித்தார். ஒரு வருஷமாக காஸ் கசியவில்லை என்று சான்றிதழ் கொடுத்துவந்த மனுஷன்.

"ரெண்டு பேருக்கும் போச்சுன்னா நீ பயப்படுவ."

"சரி. என் மேல வாடை அடிக்குதுன்னு சொன்னீங்களே, அது?"

மடித்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"ஏதோ கோவத்துல ஒரு நாள் சொன்னேன். சொன்னதும் வெளிய போறதை விட்டுட்ட. நான் சொன்னா நீ எதைக் கேட்டிருக்க? அதைக் கேட்ட."

ஆமாம், கேட்டேன். என் தங்கையும்தான் சொன்னாள், கிட்ட வா என்று. பத்து நாளும் சொன்னாள். அவள் சொன்னதை நான் கேட்கவில்லை.