புடலங்காய் தோண்டிய கிணறு

அந்தக் கோடையில் பின்தெருவின் கிணற்றைத் தோண்டியது ஒரு புடலங்காய். ஆழம் அறுபத்தொரு அடி. வேலை முடிய முப்பத்தொன்பது நாள் பிடித்தது. காய் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. கொடி தையல்காரியுடையது, அதில் கட்டியிருந்த தூக்குக்குண்டு அவள் கணவர் கொத்தனாருடையது. அதனால் பெருமையில் யாருக்கு எத்தனை பங்கு என்பதில் இருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷம் அவள் கணவர் பின்னாலேயே கட்டடம் கட்டடமாகப் போனவள். யார் யார் வீட்டிலோ பாதி எழும்பிய மாடிப்படிக்கடியில் மெஷினைப் போட்டுத் தைத்தாள். வீடு முடிந்து சொந்தக்காரர்கள் குடிவரும் நாளில் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கடைசியில் அங்கங்கே மிஞ்சிய செங்கல்லைச் சேர்த்து கொத்தனார் தங்களுக்கென்று ஒரு மாடி வீடு கட்டினார். அதன் கொல்லையில் மண் என்று சொல்ல எதுவும் இல்லை. சுண்ணாம்பும் ஜல்லியும் காய்ந்த சிமெண்டும்தான். "வீடு உங்களோடது, கொல்லை என்னோடது" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். நான்கு வருஷம், தினம் மெஷினில் உட்காரும் முன் ஒரு கூடை கல் பொறுக்கினாள். காய்கறித் தோலும் சருகும் சாணியும் போட்டுப் போட்டு, கையை விட்டால் மணிக்கட்டுவரை இறங்குகிற கறுப்பு மண்ணை உண்டாக்கினாள். அதில் தக்காளி வந்தது, கத்தரி வந்தது, வெண்டையும் எலுமிச்சையும் வெள்ளரியும் வந்தன. தெருவில் எல்லா வீட்டுக்கும், வெட்டி மிஞ்சிய துணியில் தைத்த பையில் காய் போனது. நாத்தனார் மட்டும் ஒவ்வொரு முறையும் பையை வாங்கிக்கொண்டே, "கடையில கிடைக்காததா அண்ணி?" என்பாள். பையை ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை.

போன வருஷம் கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்தார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் வலது கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்கும் கையை நம்பி யார் சுவர் எழுப்பச் சொல்வார்கள்? கூப்பிடுவது நின்றது. கரண்டியும் ரசமட்டமும், சுவர் நேராக நிற்கிறதா என்று நூலில் தொங்கவிட்டுப் பார்க்கும் தூக்குக்குண்டும் கிடந்த பையை ஆணியில் மாட்டிவிட்டு, அதற்கு எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு கோடை வந்தது. குழாயில் நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர், செடிக்கு ஒரு சொட்டும் விடக்கூடாது என்று குடிநீர் அலுவலகத்திலிருந்து வண்டி வைத்துச் சொல்லிப் போனார்கள். தையல்காரி அரிசி கழுவிய தண்ணீரையும் பாத்திரம் அலசிய தண்ணீரையும் டம்ளர் கணக்கில் பங்கு வைத்தாள். அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஒரு காலையில் ஆறு வெண்டைச் செடிக்கும் எதிரே நின்று, "உங்களுக்கு இனிமே இல்ல" என்று சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். தோட்டம் முழுக்கக் காய்ந்தால் மறுபடி ஒரு தோட்டம் போடும் தெம்பு தனக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மொட்டை மாடியில் ஒரு பழைய டிரம்மில் புடலை இருந்தது. பந்தலின் ஓரக்கழி கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருந்ததால், முதல் பிஞ்சு கொல்லைப்பக்கம் அந்தரத்தில் தொங்கியது. புடலம்பிஞ்சு சுருளாமல் நேராக வளர நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டுவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த வீட்டில் கல் இல்லை. நான்கு வருஷமாகப் பொறுக்கி வெளியே கொட்டியவள் அவளேதான். "ஏங்க, ஒரு கல்லு இருந்தா குடுங்களேன்" என்று கேட்டாள். கொத்தனாருக்கு அன்றைக்கு என்ன கோபமோ, ஆணியில் மாட்டிய பையிலிருந்து பித்தளைத் தூக்குக்குண்டை எடுத்து நீட்டினார். "இதைக் கட்டிக்கோ. எனக்கு இனி எதுக்கு?" கால் கிலோ எடை. பிஞ்சு அறுந்து விழும் என்று தெரிந்தும், மறுத்தால் மனுஷன் மனசு அறுந்துவிடும் என்று அவள் அதையே வாங்கி, பொத்தான் தைக்கும் மெழுகுநூலை நாலு புரியாக்கிக் கட்டினாள். பிஞ்சு அறுந்து விழவில்லை.

காய் ஒரு முழம் வந்ததும் பறிக்கப் போனாள். கொத்தனார் நாற்காலியிலிருந்து கத்தினார். "தொடாதே! குண்டு ஆடுது பாரு. ஆட்டம் நிக்காம தூக்குநூலைத் தொடக்கூடாது." அது அவர் தொழிலின் சட்டம். காற்றே இல்லாத நாளிலும் குண்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்ததால் காயைப் பறிக்க முடியவில்லை. பத்தாம் நாள் காய் அவள் தையல் ஜன்னலைத் தாண்டியது, பதினாறாம் நாள் சமையலறை ஜன்னலை. தினமும் காலையில் அவள் இஞ்ச் டேப்பால் அளந்தாள், அவர் இரும்பு டேப்பால் அளந்தார். அவர் அடியில் சொல்வதை அவள் நம்பவில்லை, அவள் இஞ்சில் சொல்வதை அவர் மதிக்கவில்லை. அப்படி அளக்கும்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. ஆட்டத்தின் நடுவை எடுத்துப் பார்த்தால், மேலே காய்க்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண். கீழே ஒரு சாணும் ஒரு விரலும். மூன்று தடவை அளந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கை வந்து, "காய் கோணலா இருக்கும், விடுண்ணா" என்று சமாதானம் சொன்னாள். "குண்டு கோணாது. சுவர்தான் தப்பு. கட்டினது நான்தான்" என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இத்தனை வருஷம் நின்ற மனுஷன் தப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தையல்காரி தன் சிரிப்பு கேட்காமல் இருக்க மெஷினை வேகமாக மிதித்தாள்.

இருபதாம் நாள் குண்டு தரையைத் தொட்டது, தொட்ட வேகத்தில் உள்ளே இறங்கியது. அதன்பின் காய் நாளுக்கு மூன்று அடிக்குக் குறையாமல் போனது. குழியின் வாயில் மண் தானாக வந்து குவிந்தது. முதலில் அவள் செய்த கறுப்பு மண், பிறகு செம்மண், பிறகு மஞ்சள் களிமண். குழி தட்டு அகலமாகி, அண்டா அகலமாகி, வண்டிச் சக்கரம் அளவுக்கு விரிந்தது. தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று பயந்தவர்களும் உண்டு. தெருக்கோடி வீட்டுக் கம்பவுண்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, வெயிலுக்கு இப்படியெல்லாம் ஆகும் என்று சொல்லிப் போனார். "ஆமா, பெரிய புடலங்காய்!" என்று நாத்தனார் உதட்டைச் சுழித்தாள். ஆனால் கொடி குடித்த தண்ணீர் கொஞ்சமல்ல. தக்காளி தலை தொங்கியது, எலுமிச்சை இலை உதிர்த்தது.

முப்பத்தெட்டாம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. குடிக்க எடுத்து வைத்தது போக வீட்டில் மிச்சம் ஒரே ஒரு குடம். தோட்டத்துக்கு ஊற்றினால் புடலைக்கு இல்லை, புடலைக்கு ஊற்றினால் தோட்டத்துக்கு இல்லை. "அண்ணி, ஒரு காய்க்காக மொத்தத்தையும் சாகடிக்கப் போறீங்களா? அறுத்துப் போடுங்க" என்றாள் நாத்தனார். இந்த முறை அவள் கேலியாகச் சொல்லவில்லை. முடிவைக் கொத்தனார் அவளிடமே விட்டார். கொல்லை யாருடையது என்பது அவருக்கும் தெரியும். தையல்காரி துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு குழியின் ஓரம் வந்து, காயை இடது கையால் பிடித்தாள். ஓடும் மெஷினின் சக்கரத்தில் கை வைத்தால் தெரியுமே, அப்படி ஒரு துடிப்பு கீழேயிருந்து ஏறி வந்தது. அன்று காலை குழிவாயில் வந்திருந்த மண்ணை அள்ளிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் சில்லென்று உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

"இன்னும் ஆடுது" என்றாள். கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு, குடத்தைத் தூக்கி மாடியேறி, கடைசிச் சொட்டுவரை டிரம்மில் கவிழ்த்தாள். இறங்கி வரும்போது தக்காளிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் குண்டு நின்றது. காயில் விரல் வைத்துப் பார்த்த கொத்தனார், "நின்னுடுச்சு, நின்னுடுச்சு" என்று சின்னப்பிள்ளை மாதிரி கூவினார். அறுபத்தொரு அடிக்குக் கீழே பெரிய பானை கவிழ்ந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் ஏறி ஏறி, தரைக்கு எட்டடி கீழே வந்து நிதானித்தது. நாத்தனார்தான் முதல் வாளியை இறக்கினாள். சாயங்காலத்துக்குள் தக்காளி தலை தூக்கியது, நான்காம் நாள் எலுமிச்சை துளிர் விட்டது. கொத்தனார் ஆணியிலிருந்து பையை இறக்கி, காயையே நடுநூலாக வைத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினார். காய்க்குப் பக்கத்தில் இருக்கும்வரை அவர் கை நடுங்கவில்லை. தள்ளிப் போனால் நடுங்கியது. அதனால் இப்போது புடலைப் பந்தல் இருக்கிற வீடுகளில் மட்டும் வேலை எடுக்கிறார். ஏழெட்டு வீட்டில் அவருக்காகவே பந்தல் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் குடிநீர் அலுவலகத்திலிருந்து ஒருவர் படிவத்தோடு வந்தார். தண்ணீரைக் குடித்துப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். தோண்டியது யார் என்று கேட்டதற்கு, "எங்க அண்ணியோட புடலங்காய்" என்று நாத்தனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முந்தினாள். புடலங்காய், எண்ணிக்கை ஒன்று என்று அவர் எழுதினார். ஆழம் என்றதும் கொத்தனார் அறுபத்தொரு அடி என்றார், தையல்காரி எழுநூற்று முப்பத்திரண்டு இஞ்ச் என்றாள், இரண்டையும் எழுதினார். உரிமையாளர் என்று ஒரு கட்டம் இருந்தது. கொத்தனார் தொண்டையைச் செருமினார். "கொல்லை அவளோடது சார். மண்ணைக்கூட அவதான் பண்ணினா. என்னோடது அந்தக் குண்டு மட்டும்தான்." அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டு, சேதம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"வெண்டை. ஆறு செடி" என்றாள் தையல்காரி.

அவர் அதையும் எழுதினார். எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னாள். அவர் முதலிலிருந்து வாசித்தார். அவள் கிணற்றுச் சுவரில் கை வைத்து நேராக நின்று, தன் பேர் வருகிற இடம்வரை கேட்டாள், வெண்டை வருகிற இடம்வரையும் கேட்டாள். எல்லாம் சரி என்று சொன்னபின், மிச்சத் துணிப் பையில் ஒரு கிலோ தக்காளி போட்டு அவர் கையில் கொடுத்து அனுப்பினாள்.