சட்டைக் கழுத்துக்குள் கண்டது

நான் பொய் சொல்லி யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் இப்போது இல்லை. ஆகையால் நம்பலாம்.

நிஜாம் காலத்து ஹைதராபாத்தில், உருதுவிலேயே பாடம் நடக்கும் கல்லூரியில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்தேன். செகந்திராபாத் ரயில்வே காலனித் தமிழன். பாடத்தை மனப்பாடம் செய்து தேறினேன்; மற்றபடி எனக்குத் தெரிந்த உருது கத்திரிக்காய் வாங்கப் போதும். கடைசி மூன்று மாதம் குடிநீர்ப் பம்புக் கூடத்தில் பயிற்சி. புரொபசர் முனவ்வர் அலி சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டால் அங்கேயே வேலை. போடாவிட்டால் அப்பாவோடு பட்டறையில் சுத்தியல்.

அவர் நோட்டு ஒன்றைக் கொடுத்து, தினமும் வேலை முடிந்ததும் "அப்னே கரேபான் மே ஜாங்கோ", கண்டதை எழுது என்றார். கூடப் படித்து, வேறு இடத்தில் பயிற்சிக்குப் போன தேவசகாயத்திடம் அர்த்தம் கேட்டேன்.

"கரேபான்னா சட்டைக் கழுத்துடா. உள்ள எட்டிப் பாக்கணுமாம்."

"கைக்கு?" ஏன் என்று கேட்க எனக்குத் தெரிந்த உருது அதுதான்.

"பெரிய படிப்புன்னா அப்படித்தான் இருக்கும்."

பார்த்தேன். முதல் நாள் வியர்வை. இரண்டாம் நாள் வியர்வை, தாயத்து. ஒன்பதாம் நாள் ஓர் எறும்பு. அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று அரைப் பக்கம். எழுதுவது சரியா தப்பா என்பதுதான் விளங்கவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் இரண்டாவது பித்தளைப் பொத்தானைக் காணோம். காரணம் எழுத வேண்டுமே என்று, காலையிலிருந்து எங்கெங்கே குனிந்தேன் என யோசித்தேன். பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து மூடியபோது குனிந்திருந்தேன். மறுநாள் அந்தப் பம்பு ஓட வேண்டும்; பொத்தான் உள்ளே கிடந்தால் பேரிங் நொறுங்கும். ஓடிப்போய் மூடியைக் கழற்றினால் பொத்தான் உள்ளே நவாப் மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நான் முடுக்காமல் விட்ட போல்ட். இரண்டையும் எழுதினேன்.

கடைசி நாள் புரொபசர் நோட்டைப் படித்தார். எறும்பு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் கரேபான் பேச்சுக்கு 'உன் குறையை நீயே எண்ணிப் பார்' என்று அர்த்தம், சட்டைக்குள் யாரும் பார்ப்பதில்லை என்றார். சுத்தியல் கையில் ஏறிவிட்டது போலிருந்தது.

பொத்தான் பக்கத்தை இரண்டு முறை படித்தார். அர்த்தம் தெரிந்த மற்ற பதினேழு பேரும் மூன்று மாதமும் 'இன்று குறை ஒன்றுமில்லை' என்றே எழுதியிருந்தார்களாம். கையெழுத்துப் போட்டார்.

"பட்டன் லகா லேவ், மியா."

பொத்தானைத் தைத்துக்கொள் என்ற அந்த உருது எனக்கே புரிந்தது.

அடுத்த வருஷம் நான் வேலை பார்த்த கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்த பதினெட்டு பேரும், என் கதையைக் கேள்விப்பட்டு, சாயங்காலம் வரிசையாக நின்று சட்டைக்குள் எட்டிப் பார்த்தார்கள். எது சரியான அர்த்தம் என்று எனக்கு இன்றும் குழப்பம்தான். அன்று அவர்கள் பொத்தான்களை மட்டும் எண்ணிக்கொண்டேன்.