கதவு எந்தப் பக்கம்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. அடையாறில் ஒரு வரைபட அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்த மெஹபூப் அலி 1974இல் சொன்னது. (சொன்னது என்பது முழு உண்மையில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.)

முதல் வரி: 'அன்று கடல் கொந்தளித்துக்கொண்டி...' வேண்டாம். கடலுக்கு இதில் வேலையில்லை, மணலுக்குத்தான்.

2

சாந்தோம் குப்பம் முழுவதும் ஒரே தாளில். அதன் குறுக்கே சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேற்கே இருக்கும் குடிசைகளுக்கு அரசாங்கம் கல்வீடு கட்டித் தரும். கிழக்கே இருப்பவற்றுக்கு ஒன்றுமில்லை. கோட்டோடு பிளேடால் நறுக்கி, மேற்குத் துண்டை மட்டும் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும்.

கோடு ஒரு குடிசையின் நடுவே போனால்? அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கதவு எந்தப் பக்கமோ, வீடு அந்தப் பக்கம். அந்த இடத்தில் மட்டும் வளைத்து வெட்டுவார்கள். இதை யார் யோசித்தார்களோ, எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ஏன் கதவு? ஏன் அடுப்பு இல்லை?

3

லூயிசா மீன் விற்பவள். கூடையை வெளியே இறக்கிவிட்டு அலுவலகத்துக்குள் வந்தாள். (முதலில் அழுதுகொண்டே வருவதாக எழுதினேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அடித்துவிட்டேன்.)

"இன்னா சார், என் வூடு எங்க கீது?"

மெஹபூப் அலி அரிசி அளவுக் கட்டம் ஒன்றைக் காட்டினார். கோடு அதைச் சரிபாதியாகப் பிளந்திருந்தது.

"அப்ப நான் சோறாக்கறது உள்ள, தூங்கறது வெளியவா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

"கதவு கடல் பக்கம்னு எழுதிக்கீதும்மா. அதனால வெளியதான்."

"அது போன வருசம் சார். மண்ணு வந்து கொட்டுதுன்னு அத்த அடச்சிட்டு மேக்கால தொறந்துக்கினேன். வந்து பாரு."

4

ஒரு முடிவு: மெஹபூப் அலி மையைச் சுரண்டிக் கதவை மாற்றி வரைகிறார். (மாட்டார். கண்ணால் பார்க்காததை வரைகிற ஆள் இல்லை.)

நடந்தது வேறு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லூயிசாவோடு கிளம்பினார். போகும்போது, "நான் வர்ற வரைக்கும் பிளேட வெக்காத" என்றார்.

யாரிடம் சொன்னார் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அந்த அறையில் இன்னொருவன் இருந்தான். அவனை நான் இந்தக் கதையிலிருந்து நறுக்கிவிட்டிருந்தேன்.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஐந்து மணிக்குள் தாள் போயாக வேண்டும் என்று அதிகாரி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். எனக்குப் பயம். குறிப்பில் இருந்தபடியே, லூயிசாவின் வீட்டை வெளியே விட்டு வளைத்து வெட்டினேன். வளைவு அழகாக வந்திருந்தது. அதில் பெருமைகூடப் பட்டேன்.

மெஹபூப் அலி திரும்பியபோது தாள் போய்விட்டிருந்தது. "கதவு மேக்காலதான் கீது" என்றார். அவர் எனக்குச் சொன்ன கதை அவ்வளவுதான்.

5

இதுவரை பதினோரு முடிவுகள் எழுதிப் பார்த்துவிட்டேன். பதினொன்றிலும் லூயிசாவுக்கு வீடு கிடைத்துவிடுகிறது. நான் எழுதினால் அப்படித்தான் வரும், வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் எழுதுங்கள்.