கை படாத கடிகாரம்

மர்செய் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் லெஸ்தாக்கின் மேட்டுத் தெருவை ஏறி முடிப்பதற்குள் அன்செல்முக்கு மூச்சு வாங்கியது. ரொட்டிக்கடை வாசலில் நின்று முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். ஆறு வருஷமாக, மாதம் ஒரு தடவையாவது, இந்த மேட்டை ஏறிக்கொண்டிருக்கிறார். எல்லாம் ஒரு கடிகாரத்துக்காக.

மர்செய் துறைமுகத்தில் கப்பல் காப்பீட்டுக்குச் சேதம் மதிப்பிட்டு ஓய்வு பெற்றவர் அவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் ஆழ்கடலுக்குள் இறங்கி எண்ணெய்க் குழாய் பற்றவைத்த ஆட்களின் கைக்கடிகாரங்களைச் சேர்ப்பது அவருடைய பித்து. அந்தப் பித்துப் பிடித்தவர்களுக்கு ஒரே சட்டம்தான்: தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்க வேண்டும். டயல் மாறக் கூடாது, முள் மாறக் கூடாது, உடம்புக்கு மெருகு ஏற்றக் கூடாது. கீறல் இருக்கட்டும், டயலைச் சுற்றியுள்ள வளையம் வெயிலில் வெளுத்திருக்கட்டும், இருட்டில் ஒளிர்வதற்காக மணிப் புள்ளிகளில் வைத்த பூச்சு அவிந்து தேன் நிறமாகியிருக்கட்டும். அதெல்லாம் அழகு. புதிதாக ஒரு கை பட்டால் தீர்ந்தது.

சட்டம் சுலபம். அதைக் காத்துக் காத்துத்தான் மனுஷன் சலித்துப்போனார். வருகிற சரக்கில் பாதி பொய். புது டயலை அடுப்பில் வாட்டிப் பழசாக்குகிறார்கள். செத்த கடிகாரங்களைப் பிரித்துப்போட்டு ஓடுகிற ஒன்றைக் கோர்க்கிறார்கள். கையில் பூதக்கண்ணாடியோடு சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, வீட்டு இழுப்பறையில் கிடப்பவற்றைக்கூட அவரால் இப்போது நிம்மதியாகப் பார்க்க முடிவதில்லை. நல்லது ஒன்று கிடைத்தால் சந்தோஷத்துக்கு முன்னால் ‘இதில் எது பொய்’ என்ற கேள்வி வந்து நிற்கிறது.

அவர் சந்தேகமே படாதது, இந்த மேட்டின் மேல் குடியிருக்கும் பழைய ஆழ்கடல் தொழிலாளி துசேனுடையது ஒன்றுதான். முக்குளிப்புக் கம்பெனிக் கிடங்கில் கொடுத்ததை வாங்கிக் கட்டிய நாளிலிருந்து அந்தக் கார்சிகாத் தீவுக்காரர் அதை வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. பின்மூடியில் கம்பெனிப் பெயரும் அவருடைய எண்ணும் வெட்டியது வெட்டியபடி இருந்தன. அன்செல்ம் விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார், துசேன் மறுத்துக்கொண்டே இருந்தார். நடுவில் காபியும் பேச்சுமாக ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

துசேனின் மனைவி ஜினெட் கதவைத் திறந்தார்.

“வாங்க மெஸ்யே. பால்கனியிலதான் இருக்காரு. சத்தமாப் பேசுங்க, இன்னைக்குக் காது ரொம்ப மோசம்.”

துசேன் நாற்காலியில் சாய்ந்து இடது கையை வெயிலில் நீட்டிவைத்திருந்தார். மணிக்கட்டிலிருந்து ஏதோ பளீரென்று கண்ணில் அடித்தது. அன்செல்ம் கிட்டே போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கடிகாரத்தின் உடம்பு புது ஸ்பூன் மாதிரி மின்னியது. கண்ணாடி புதிது. வெளுத்துச் சாம்பல் பூத்திருந்த வளையம் போய் கன்னங்கரேலென்று ஒன்று வந்திருந்தது. தேன் நிறப் புள்ளிகள் எங்கே? வெள்ளை வெளேரென்ற புள்ளிகளோடு புது டயல், புது முட்கள்.

“என்னடா இன்சூரன்ஸ், பொணத்தப் பாத்த மாதிரி முழிக்கிற?”

“யாரு பண்ணது இத?”

“ஆ?”

“யாரு பண்ணதுன்னு கேட்டேன்!”

“கத்தாத. எனக்குத்தான் காது கேக்காது, தெருவுக்குக் கேக்கும். எல்லாம் ஜினெட் வேல. நல்லாத்தான இருக்கு? மூக்குக் கண்ணாடி இல்லாமலே மணி தெரியுது.”

அன்செல்ம் அவர் கையைப் பிடித்து, பட்டையைத் தளர்த்திப் பின்மூடியைப் பார்த்தார். மெருகு போட்டவன் எண்ணையும் சேர்த்துத் தேய்த்திருந்தான். கம்பெனிப் பெயரில் சில எழுத்துகள் மட்டும் நிழல் மாதிரி மிச்சம் இருந்தன.

“உங்க நம்பர் போச்சு துசேன்.”

“போனா போவுது. நம்பர் பாத்துத்தான் என்னப் பொதைக்கப் போறாங்களா?”

துசேன் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். அன்செல்ம் எழுந்து சமையலறைக்குப் போனார். வாசலிலேயே நின்று கேட்டார்.

“மதாம், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?”

ஜினெட் காபியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. பல நாள் தூக்கம் கெட்டதில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“கேட்டேனே. போன வருஷம் இதே எடத்துல நின்னு கேட்டேன். அந்தப் புள்ளிங்கள மறுபடி ஒளி விட வெக்க முடியுமான்னு. நீங்க என்ன சொன்னீங்க?”

அவருக்கு நினைவிருந்தது. ‘மதாம், அது கொலை’ என்று சொல்லியிருந்தார். டயலைத் தொடுவது ஏன் பாவம் என்று காபி ஆறுகிற வரைக்கும் விளக்கியும் இருந்தார். எதற்குக் கேட்கிறீர்கள் என்பதை மட்டும் கேட்கவில்லை.

“எதுக்குக் கேட்டீங்க?” என்றார் இப்போது.

“ராத்திரியில முழிச்சுக்கறாரு. எங்க இருக்கோம்னு தெரியல. ஆழத்து அழுத்தத்துக்குப் பழகணும்னு கப்பல் மேல இரும்பு அறைக்குள்ள வாரக்கணக்கா அடைஞ்சு கெடந்தாங்களே, அதுக்குள்ளயே இருக்கறதா நெனப்பு. அங்க பகல் ஏது, ராத்திரி ஏது. விளக்க அணைச்சா இந்தக் கடிகாரம் ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும்னு அவரே சொல்லுவாரு. இப்ப முழிச்சதும் கையத் தூக்கிப் பாக்கறாரு. ஒரே இருட்டு. கண்ணு போச்சுன்னு நெனச்சுக்கறாரு. இல்லன்னா உள்ள வர்ற காத்து நின்னுபோச்சுன்னு. செவுத்த அடிக்கறாரு மெஸ்யே. லூசியன், லூசியன்னு கத்தறாரு.”

“லூசியன் யாரு?”

“கூட எறங்கறவன். வடகடல்ல போயிட்டான். உடம்பே கெடைக்கல.”

“விளக்க எரிய விட்டுப் பாக்கலாமே…”

“பாக்காமலா? வெளிச்சத்தக் கண்டா வேலைக்குக் கூப்பிடறாங்கன்னு சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்துடறாரு. வேற கடிகாரம் வாங்கிக் குடுத்தேன், என்னுது இல்லன்னு தூக்கி எறிஞ்சாரு. மாத்திரையும் பாத்தாச்சு. இருந்தாலும் நீங்க வெவரம் தெரிஞ்சவரு, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அதத் தொடவேயில்ல.” கோப்பையில் காபி ஊற்றினார். “போன மாசம் செவுத்துல குத்தி வெரல ஒடைச்சுக்கிட்டாரு. ஆஸ்பத்திரியில கடிகாரத்தக் கழட்டி என் கையில குடுத்தாங்க. நேரா கடைக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்.”

“இத மட்டும் எப்படித் தன்னோடதுன்னு ஒத்துக்கிட்டாரு?”

“கனத்த வெச்சு. கட்டினதும் கைய ரெண்டு ஆட்டு ஆட்டிப் பாத்தாரு, அவ்வளவுதான். பகல்ல வெயில்ல காட்டறேன். ராத்திரி முழிக்கறாரு, பாக்கறாரு, படுத்துக்கறாரு. நானும் தூங்கறேன்.”

அன்செல்ம் காபியைப் பாதியில் வைத்துவிட்டார். கிளம்பும்போது ஜினெட் அலமாரியிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து நீட்டினார். உள்ளே பழைய டயல், முட்கள், வெளுத்த வளையம்.

“கடைக்காரர் திருப்பிக் குடுத்தாரு. நீங்க ஆசப்பட்டது இதத்தான? வெச்சுக்கங்க.”

குத்திக்காட்டுகிற குரல் அல்ல அது. நிஜமாகவே கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்செல்மின் கை அதற்குள் நீண்டுவிட்டது.

விஷயம் எப்படியோ மிலானில் இருக்கும் ருஜெரோவின் காதுக்குப் போய், அவன் தொலைபேசியில் கூப்பிட்டான். வாங்குவதும் விற்பதும் அவன் தொழில், அன்செல்முக்குப் பழைய சிநேகிதம்.

“அழாதடா. அதே வருஷத்து உடம்பு ஒண்ணு எங்கிட்ட இருக்கு. மூடியில எழுத்து அப்பிடியே இருக்கு, டயல்தான் பூஞ்ச புடிச்சுப் போச்சு. உன் டயல அதுல வெச்சா முடிஞ்சுது. எவன் கண்டுபிடிப்பான்?”

“நான் கண்டுபிடிப்பேன்.”

“நீ ஏன் கண்டுபிடிக்கற? டயலும் நெசம், உடம்பும் நெசம். ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வெக்கறோம்.”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார் அன்செல்ம். போனை வைத்த பிறகு, இப்படிக் கேட்டவனை நாலு திட்டு திட்டாமல் விட்டோமே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. திட்டவும் தெம்பு இல்லை.

அடுத்த வாரம் ஜினெட் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை தனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. மத்தியானம் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம், ஆனால் துசேனைத் தனியாக விட முடியாது.

“உங்களத் தவிர வேற யாரும் தோணல மெஸ்யே.”

அன்செல்ம் போனார். ஜூலை வெயிலுக்குப் படுக்கையறையின் மரச் சன்னல்களை இறுகச் சாத்தியிருந்ததால் உள்ளே கும்மிருட்டு. துசேன் சாப்பிட்டுவிட்டு நன்றாகக் குறட்டை விட்டார். கட்டிலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அன்செல்ம் உட்கார்ந்திருந்தார். கட்டிலை விட்டுத் தொங்கிய கையில், காலையெல்லாம் வெயில் குடித்த புள்ளிகள் பச்சையாக எரிந்தன. தன்னிடம் அத்தனை கடிகாரங்கள் இருந்தும் ஒன்றுகூட எரிந்து அவர் பார்த்ததில்லை.

குறட்டை நின்றது. மூச்சு வேகமாக, மேல்மூச்சு கீழ்மூச்சாக வந்தது. கட்டில் கிறீச்சிட்டது.

“லூசியன்?”

ஆம் என்பதா, இல்லை என்பதா என்று அன்செல்முக்குத் தெரியவில்லை. அதற்குள் இருட்டில் அந்தப் பச்சை வட்டம் தரையோரத்திலிருந்து கிளம்பி மேலே போனது. முகத்துக்கு எதிரில் நின்றது. வெகு நேரம் அங்கேயே நின்றது. மூச்சு ஒவ்வொன்றாகத் தணிந்தது.

“நாலேகால்,” என்றார் துசேன், யாருக்கோ ஒப்பிப்பது போல. பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பி, “நீ தூங்குடா. நான் முழிச்சிருக்கேன்.”

“சரி,” என்றார் அன்செல்ம்.

சொன்ன அடுத்த நிமிஷம் துசேன் மறுபடி குறட்டை விட்டார். கொஞ்ச நேரத்தில் அன்செல்மும் தூங்கிப்போனார்.

ஒற்றைக் கண்ணில் பஞ்சுக்கட்டோடு திரும்பி வந்த ஜினெட்தான் அவர் தோளைத் தட்டி எழுப்பினார்.

“காவலுக்கு வெச்சா நல்லாத்தான் காவல் காக்கறீங்க!”

“மன்னிச்சுக்கங்க மதாம். தெரியாம…”

“பரவால்ல. யாராவது ஒருத்தர் தூங்கினா சரி.”

அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று ஜினெட்டுக்கு டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பனிஸ் என்கிற கடலைமாவுப் பலகாரத் துண்டுகளை அன்செல்ம்தான் பொரித்தார். முதல் ஈடு கருகிவிட்டது. “இதையும் இப்படியே மாத்தாம வெச்சுக்குவியாடா?” என்று துசேன் கேட்டார். அன்றைக்கு முதல் தடவையாக அன்செல்ம் வாய்விட்டுச் சிரித்தார்.

பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு ருஜெரோவைக் கூப்பிட்டார்.

“கல்யாணம் வேண்டாம்.”

“ஏன்டா? நல்ல சம்பந்தம்டா.”

“வாங்கறவன் நம்பி வாங்குவான். அப்புறம் அவன்கிட்டேருந்து இன்னொருத்தன். எனக்கு அலுத்துப்போச்சு ருஜெரோ.”

மறுமுனையில் ஏதோ முனகல் கேட்டது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் போன் மறுபடி அடித்தது. ருஜெரோ இல்லை, ஜினெட்.

“மெஸ்யே, இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு. அடுத்த மாசம். வருவீங்களா?”

“வரேன் மதாம். ஆனா மேடு ஏறத்தான் முட்டி ஒத்துக்கமாட்டேங்குது.”

“மெதுவா ஏறி வாங்க. அவரு எங்க போயிடப் போறாரு.”